சிவப்புக்கு அடுத்து என்ன?

ஜூன் 10, திங்கள்

என் வீட்டுக்காரருடைய பனியன் கம்பெனியில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி, ஃப்ரிட்ஜ் மேல் சும்மாவே கிடந்தது. எழுதினால் கோபம் குறையும் என்று யூடியூபில் ஓர் அம்மா சொல்கிறாள். எனக்குக் கோபம் ஒன்றும் அதிகம் கிடையாது. இருந்தாலும் எழுதிப் பார்ப்போம்.

இன்று பள்ளி திறந்தது. எனக்கு எல்.கே.ஜி. 'பி'. பாதிப் பிள்ளைகள் அழுதன, மீதிப் பிள்ளைகள் அழுகிறவர்களைப் பார்த்து அழுதன. ஒருவன் என் புடவையில் மூக்கைத் துடைத்தான். நான் சிரித்தேன், ஏனென்றால் அவன் அம்மா ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

என் மகள் பவியும் இந்த வருஷம் என் வகுப்புதான். பவிஷ்னா என்பது மாமியார் எண் கணிதக்காரரைக் கேட்டு வைத்த பெயர். நான் அங்கே டீச்சர் என்பதால் அவளுக்கு ஃபீஸ் கிடையாது. காலையிலேயே சொல்லிவிட்டேன்: "கேட்டுக்குள்ள வந்தா நான் அம்மா இல்ல, மிஸ். தெரியுதா?" தலையாட்டினாள். கேட்டுக்குள் வந்ததும் என் முந்தானையைப் பிடித்தாள். விரலை எடுத்துவிட்டேன். இதெல்லாம் முதல் நாளே சரி செய்யாவிட்டால் பிறகு ஊரே பேசும், டீச்சர் பிள்ளைக்குத் தனிச் சலுகை என்று.

தாளாளர் அம்மா மீட்டிங் போட்டார். விஜயதசமி அட்மிஷனுக்கு முன்னால் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு மாதிரி வகுப்பு நடத்தப் போகிறாராம். எந்த வகுப்பு நன்றாகச் செய்கிறதோ அந்த டீச்சர்தான் கே.ஜி. இன்சார்ஜ். இத்தனை வருஷம் இந்தப் பள்ளியில் மூக்குத் துடைத்தாயிற்று. இந்தத் தடவை எனக்குத்தான்.

ஜூன் 14, வெள்ளி

தர்ஷித் என்று ஒரு பையன். அப்பாவுக்குச் சொந்தமாகத் தையல் யூனிட், அம்மா காரில் வந்து இறக்கிவிடுகிறாள். மேஜை மேல் ஏறி நின்று கத்தினான். ஸ்கேலால் காலில் ஒரு தட்டுத் தட்டினேன். தட்டுத்தான். சாயங்காலம் அவன் அம்மா தாளாளர் அறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பவெல்லாம் போன எடுத்து வீடியோ போட்டுடுவாங்க சுகந்தி. அடுத்தவங்க பிள்ளை மேல உங்க விரல் படக் கூடாது" என்றார் தாளாளர் அம்மா. அப்புறம் குரலைத் தணித்து, "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார்.

அடியாத மாடு படியாது என்றும்தான் சொல்லியிருக்கிறார்கள். அதை நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்தக் காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், வேலைக்காரியைப் பார்க்கிற பார்வை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ஜூன் 24, திங்கள்

பேட்டர்ன் பாடம் ஆரம்பித்தேன். மாதிரி வகுப்புக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்று தாளாளர் அம்மா சொல்லிவிட்டார். பிள்ளைகள் பட்டன் அடுக்கினால் பெற்றோருக்குப் பார்க்க அழகாக இருக்குமாம்.

பட்டனுக்கு இந்த ஊரில் பஞ்சமா? அவர் கம்பெனியிலிருந்து கழித்துப் போட்ட பட்டன் ஒரு பை கொண்டுவந்தார். சிவப்பு, மஞ்சள், நீலம். பவி உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரித்துத் தந்தாள்.

சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள். "அடுத்து என்ன வரும்?" என்று கேட்டேன். ஒருத்தி "சோறு" என்றாள். ஒருவன் பட்டனை வாயில் போட்டுக்கொண்டான், ஆயா ருக்குமணியக்கா விரலை விட்டு எடுத்தார். தர்ஷித் சிவப்புகளை எல்லாம் அள்ளித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாம் எனக்கு" என்றான். முதலாளி மகன் வேறு என்ன சொல்வான்?

பவி மட்டும் சரியாக வைத்தாள். நான் பாராட்டவில்லை. சொந்தப் பிள்ளையைப் பாராட்டினால் நன்றாக இருக்காது.

ஜூலை 2, செவ்வாய்

ஒரு வாரமாக அதே சிவப்பு, அதே மஞ்சள். தொண்டை வற்றிவிட்டது. இன்று தர்ஷித் மூன்று சிவப்பைச் சேர்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து நாக்கை நீட்டினான். கை ஓங்கிவிட்டது. தாளாளர் அம்மா சொன்னது ஞாபகம் வந்து அப்படியே நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பவி சிரித்துவிட்டாள்.

ஓங்கின கை அவள் மேல் இறங்கியது.

வகுப்பு அப்படியே அமைதி ஆகிவிட்டது. அதன் பிறகுதான் ஆச்சரியம். தர்ஷித் உட்பட அத்தனை பேரும் குனிந்து சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று அடுக்கினார்கள். ஒரு வாரம் கெஞ்சிக் கூத்தாடி வராதது ஒரே அடியில் வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பவிக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுத்தேன். சாப்பிட்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

நல்ல நாள். எல்லோரும் சரியாக வைத்தார்கள். இரண்டே தடவைதான் தேவைப்பட்டது.

ஜூலை 18, வியாழன்

யாராவது தப்பாக வைத்தால் பவி எழுந்து வந்து கையை நீட்ட வேண்டும். இதுதான் முறை. ஸ்கேலின் தட்டையான பக்கம்தான், விளிம்பு இல்லை. அடுத்தவர் பிள்ளை மேல் என் விரல் படுவதே இல்லை. தாளாளர் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "உங்க கிளாஸ் மட்டும் எப்படி இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்.

பவியைக் கொடுமைப்படுத்துவதாக யாராவது நினைத்தால் அது தப்பு. அவளுக்கே தெரியும், இது அவளுக்குக் கொடுக்கிற அடி இல்லை. அப்படித்தான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் அவர் பவியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்: "என்ன சுகந்தி, பாப்பா கை இப்புடிச் செவந்து கெடக்குது?"

"வெளயாடறப்ப செவுத்துல தேச்சிருப்பா மாமா."

பவி என்னைப் பார்த்தாள். பிறகு "செவுத்துலீங்ப்பா" என்றாள். அவர் சாயம் போடுகிற டையிங் ஷிப்டு முடித்து வந்த களைப்பில் மேலே கேட்கவில்லை. துணி மூன்று நாளாக ஊறுகிறது, நாளைக்காவது துவைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பவி மறுபடி ரப்பரைத் தொலைத்துவிட்டாள். போன வாரம் பென்சில், அதற்கு முன்னால் தலையில் மாட்டுகிற பட்டாம்பூச்சி கிளிப். பொருளின் அருமை தெரியவில்லை. டிபன் டப்பாவை மட்டும் ஒழுங்காகக் காலி செய்கிறாள், ஒரு பருக்கை கிடையாது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் பசி பசி என்று பறக்கிறாள். வளர்கிற வயசு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வீட்டில் என்னென்ன பேட்டர்ன் இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லியிருந்தேன். இது எங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது, பிள்ளைகளின் கண் திறக்குமாம்.

ஒருத்தி அம்மாவின் வளையலைச் சொன்னாள்: பச்சை, தங்கம், பச்சை, தங்கம். பாத்ரூம் டைல்ஸ் என்றான் ஒருவன். இன்னொருவன், "எங்கப்பா ஒரு வாரம் பகல்ல தூங்குவாரு, ஒரு வாரம் ராத்திரி தூங்குவாரு" என்றான். ஷிப்டுக்காரர் பிள்ளை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பவியைக் கேட்டேன். எழுந்து நின்று, "அம்மா, மிஸ், அம்மா, மிஸ், அம்மா, மிஸ்" என்றாள். நிறுத்தச் சொல்லும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"கண்ணால பாக்கற பொருளாச் சொல்லணும்" என்று உட்கார வைத்தேன். ஆடி வெள்ளி என்பதால் சீக்கிரம் வந்து விளக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ருக்குமணியக்கா இடைவேளையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மிஸ், சொன்னாத் தப்பா நெனச்சுக்காதீங். அந்தத் தர்ஷித்துப் பையன் நம்ம பவிக்கண்ணுகிட்ட, 'பிஸ்கட்டக் குடு, இல்லீனா தப்பா வெப்பேன்'ங்கறானுங். அந்தப் புள்ளயும் எடுத்துக் குடுத்துட்டு வெறும் டப்பாவ மூடி வெச்சுக்குது. இப்ப அவனப் பாத்து இன்னும் நாலஞ்சு பேரு கேக்குதுங். என்ற கண்ணால பாத்தனுங் மிஸ்."

"நாலு வயசுப் பிள்ளை இதெல்லாம் பேசுமாக்கா?"

"நீங்க சொல்லிக் குடுக்கறதத்தானுங் அதுக படிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. கேட்கிறவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். "உங்க வேலைய மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். கூட்டுகிற வேலைக்கு வந்தவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

ரப்பர் போன வழி இதுதானோ என்று தோன்றத்தான் செய்தது. தர்ஷித்தை எப்படிக் கேட்பது? அவன் அம்மா மறுபடி வந்து உட்கார்ந்தால் இன்சார்ஜ் பதவி அவ்வளவுதான். பவி என்ன ஊமையா, என்னிடம் வந்து சொல்ல வேண்டியதுதானே. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டப்பாவில் பிஸ்கட் கொஞ்சம் அதிகமாக வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்றும் படுக்கையை நனைத்துவிட்டாள். போர்வை, விரிப்பு, தலையணை உறை எல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு ஓடினால் பிரேயருக்குத் தாமதம். விட்டுப் போன பழக்கம், ஏன் திரும்ப வந்தது என்று தெரியவில்லை. சளியாக இருக்கும்.

வீட்டிலும் இப்போது என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறாள். "மிஸ், தண்ணி." "மிஸ், ஆயி வருது." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே என்னவோ செய்தது, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

ஒத்திகை. சிவப்பு, சிவப்பு, மஞ்சள். கொஞ்சம் கடினமான பேட்டர்ன்தான், 'ஏ' செக்ஷன் பிள்ளைகளுக்கு வரவே இல்லை. என் வகுப்பு பிசகாமல் செய்கிறது. பவி தன்னுடையதை முடித்துவிட்டு மற்றவர் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாராவது மஞ்சளுக்குப் பதில் சிவப்பை எடுத்தால் அவள் உதடு துடிக்கிறது. அத்தனை அக்கறை.

செப்டம்பர் 21, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

பட்டுப்புடவை கட்டினேன். பெற்றோர்கள் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷித்தின் அம்மாவும் அப்பாவும் முன் வரிசை. தாளாளர் அம்மா மைக்கில் ஏதேதோ பேசினார். ஸ்கேலைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். இன்றைக்கு யாருக்கும் அடி கிடையாது, தப்பாக வைத்தாலும் மிஸ் கோபிக்க மாட்டேன் என்று காலையில் வகுப்புக்குச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் அதை எங்கே காதில் வாங்கின?

முதலில் கைதட்டு, தொடை தட்டு. அழகாக வந்தது. பிறகு பட்டன். ஒவ்வொருவராக வந்து பெரிய பலகையில் ஒரு பட்டன் ஒட்ட வேண்டும். சிவப்பு, சிவப்பு, மஞ்சள். எல்லா அப்பாக்களும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் மிதந்துகொண்டிருந்தேன் என்றே சொல்லலாம்.

தர்ஷித் முறை வந்தது. மஞ்சள் ஒட்ட வேண்டிய இடம். மஞ்சளைக் கையில் எடுத்தான். பவியைத் திரும்பிப் பார்த்தான். மஞ்சளைக் கீழே போட்டுவிட்டுச் சிவப்பை எடுத்து ஒட்டினான்.

சபை நிறைய ஆட்கள். வாய்க்கு வந்தது பழக்கப்பட்ட வார்த்தைதான்: "அடுத்து என்ன வரும், குட்டீஸ்?"

வகுப்பு மொத்தமும் ஒரே குரலில், ராகம் போட்டுக் கத்தியது: "பவிக்கு அடி!"

பவி ஏற்கெனவே எழுந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்து வந்து என் முன்னால் நின்றாள். வலது கையை நீட்டினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

என் உயிர் போய்விட்டது. இன்றோடு வேலையும் போயிற்று, மானமும் போயிற்று என்று நினைத்தேன்.

பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தர்ஷித்தின் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யாருங்க அந்தப் பாப்பா?" என்று யாரோ கேட்க, தாளாளர் அம்மா மைக்கை வாங்கினார்: "அது மிஸ்ஸோட சொந்தப் பொண்ணுங்க! பாத்துக்கோங்க, உங்க பிள்ளைங்களுக்கு நோகாம, தன் பிள்ளைய வெச்சுக் கண்டிப்புச் சொல்லிக் குடுக்கறாங்க. இந்த மாதிரி டீச்சர் எங்க கெடைப்பாங்க?" எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் பவியின் கையில் ஒரு சாக்லேட்டை வைத்தேன். அவள் கண்ணைத் திறக்கவும் இல்லை, விரலை மூடவும் இல்லை. சாக்லேட் கீழே விழுந்தது. நானே அவளைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தேன்.

இன்சார்ஜ் நான்தான். அங்கேயே அறிவித்துவிட்டார்கள். நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கறிக்கடையில் தர்ஷித்தின் அப்பா இவரைப் பார்த்து, "உங்க ஊட்டுப் பாப்பா நேத்துச் சிரிக்க வெச்சே கொன்னுபோட்டுதுங்" என்று கதை முழுதும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் இவர் கறிப்பையைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பவியிடம் போனார். கையை விரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் சத்தமே போடவில்லை.

"செவுத்துல தேச்சதுன்னு சொன்னீல்ல?"

"மாமா, அது வந்து..."

"இனி ஒருக்கா என்ற புள்ள மேல கை வெச்சீனா, அவளக் கூட்டிக்கிட்டுப் பெருந்துறை அக்கா ஊட்டுக்குப் போயிருவேன். ஒனக்குக் கண்ணுலயே காட்ட மாட்டேன். நீ உன்ற இன்சார்ஜ் நாற்காலியக் கட்டிக்கிட்டு அழு."

அவர் சொன்னால் செய்கிறவர். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது. சாமி படத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தேன். மனசாரத்தான் செய்தேன்.

பவியை மடியில் உட்கார வைத்துச் சொன்னேன்: "இனிமே மிஸ் அடிக்கவே மாட்டேன் தங்கம்."

"தர்ஷித் தப்பா வெச்சாலுமா?"

"வெச்சாலும்."

"அப்பறம் யாருக்கு அடி?"

"யாருக்கும் இல்ல."

அவள் என்னை நம்பவில்லை. பொய் சொல்கிற பிள்ளையை நான் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

செப்டம்பர் 23, திங்கள்

இன்சார்ஜாக முதல் நாள். வகுப்பில் எனக்குக் கை வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள்.

நீலம், நீலம், மஞ்சள். இரண்டாவது தட்டிலேயே ஒருத்தி தப்பாக வைத்தாள். "பரவால்ல கண்ணு, திருப்பி வை" என்றேன். வகுப்பு முழுதும் என்னையே பார்த்தது. பவி வந்து கையை நீட்டினாள்.

"போய் உக்காரு பவி."

போகவில்லை.

"மிஸ் மறந்துட்டாங்க" என்றான் ஒருவன். "மிஸ், பவிக்கு அடி வரணும்" என்றாள் இன்னொருத்தி, எனக்குத் திருத்திச் சொல்லிக்கொடுப்பது போல. தர்ஷித் தன் தட்டைக் கலைத்துத் தப்பாக வைத்தான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவனும் வைத்தான். பிறகு ஒவ்வொரு தட்டாகத் தப்பு. வைத்துவிட்டு வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

பவிக்கு உடம்பு உதறியது. "அடிங்க மிஸ். அடிச்சாத்தான் எல்லாரும் சரியா வெப்பாங்க. அடிங்க மிஸ்." குரல் ஏறிக்கொண்டே போனது. தூக்கப் போனேன், திமிறிக்கொண்டு மறுபடி கையை நீட்டினாள். "அடிங்க மிஸ், அடிங்க மிஸ்!" அடுத்த அறையில் தாளாளர் அம்மா நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

பீரோவைத் திறந்தேன். மெதுவாகத்தான் அடித்தேன்.

போதவில்லை. "தர்ஷித் இன்னும் மாத்தல மிஸ்" என்றாள். இன்னொன்று அடித்தேன், அது மெதுவாக இல்லை.

எல்லோரும் தட்டைச் சரி செய்தார்கள். பவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய், நீலம், நீலம், மஞ்சள் என்று ஒன்றுவிடாமல் அடுக்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் அவர் சீக்கிரம் வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல், தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த பவியிடம் போய்க் கையை விரித்தார். நான் அடுப்படியில் தோசைக் கரண்டியோடு நின்றேன். தோசை கருகுவது தெரிந்தது, திருப்பிப் போடக் கை வரவில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் ராத்திரியே பெருந்துறைக்குப் பஸ் ஏறிவிடுவார்.

"அம்மா அடிச்சாளா சாமி? அப்பாகிட்டச் சொல்லு."

பவி என்னைப் பார்த்தாள். அடுத்த பட்டனைத் தேடும்போது பார்க்கிற மாதிரி, நிதானமாக.

"இல்லீங்ப்பா. அம்மா அடிக்கவே இல்ல. பெஞ்சுல இடிச்சுக்கிட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டு அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஏதோ நேத்துக் கோவத்துல பேசிட்டேன் சுகந்தி" என்றார் என்னைப் பார்த்து. நான் அடுப்பை அணைத்தேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது, "குட்" என்று.

பவி அவர் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"தேங்க்யூ மிஸ்" என்றாள்.